குக்ரியின் உறை

நேபாளக் கத்தியான குக்ரியைக் கையில் எடுப்பவர்கள் அலகின் வளைவைத்தான் மெச்சுவார்கள். என் கண் போவதோ அதன் உறைக்கு. அகன்று, முன்னோக்கி வளைந்து, வயிறு பெருத்த கத்தி அது. வெறும் தோலுறை அந்தக் கனத்தில் தொய்ந்துவிடும். கூர் பட்டுக் கிழிந்தும் போகும். அதனால் நேபாளத்துக் கைவினைஞர்கள் முதலில் மரத்தை இரண்டு பாதியாகக் குடைகிறார்கள். பெருத்த வயிறு வாய்வழியே தடையில்லாமல் நுழைய வேண்டும். நுழைந்தபின் ஆடவும் கூடாது. அந்த நூலிழை இடைவெளியில்தான் கைத்திறன் இருக்கிறது.

இரு பாதிகளையும் ஒட்டி, ஊறவைத்த எருமைத்தோலை மேலே இழுத்துப் போர்த்திப் பின்பக்கம் தைக்கிறார்கள். காயக் காயத் தோல் சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்கிறது. விரலால் வருடினால் முன்புறம் வழவழப்பு, பின்புறம் தையலின் நெருடல், நுனியில் பித்தளைப் பூணின் குளிர்ச்சி. கர்தா என்னும் குட்டிக் கத்திக்கும், சக்மக் என்னும் கூரில்லாத தீட்டும் அலகுக்கும் பின்னால் இடம் உண்டு. உறையின் கூர்ப்பக்கம் விரல் படாமல் முதுகுப்பக்கமாகப் பிடித்து உருவினால், இரும்பு மரத்தை உரசும் மெல்லிய ஓசை. உள்ளே தள்ளினால் பிடி வாயில் பொருந்தும் சின்ன 'டக்'. இத்தனை கூர்மையை இடுப்பில் அச்சமின்றிச் சுமக்க வைக்கும் இந்தப் பொறுமையான வேலைக்கும் கொல்லருக்குக் கிடைக்கும் பாராட்டில் சரிபாதி சேர வேண்டும்.