படுக்கையருகில் யார்?

1928-இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து தாம்பரம் பச்சைமலை அடிவாரத்தில் காசநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது, அந்த நோயைக் கொல்லும் மருந்து உலகில் எங்குமே இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் வர இன்னும் பதினைந்து ஆண்டுகள் இருந்தன. தாம்பரம் வருவதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் அவர் நடத்திய சானடோரியத்தில் கணித மேதை ராமானுஜனும் சிலகாலம் தங்கிச் சிகிச்சை பெற்றார். அந்த முறைதான் தாம்பரத்துக்கும் வந்தது: திறந்த காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு, பிசகாத தினசரி ஒழுங்கு. சிலருக்கு நுரையீரலைச் சுருக்கி அதற்கு ஓய்வு கொடுக்கும் சிகிச்சை உண்டு. மற்றபடி அந்தக் காலச் சானடோரியங்களில் நோயாளியின் நாள் முழுவதும் செவிலியர் கையில்தான் இருந்தது. காய்ச்சலை அளந்து சார்ட்டில் புள்ளி வைப்பது, சளிக் கோப்பையை அப்புறப்படுத்துவது, எடை பார்ப்பது, யார் எழுந்து நடக்கலாம், யார் படுத்தே இருக்க வேண்டும் என்று கவனித்துச் சொல்வது எல்லாம் அவர்கள் வேலை.

1937-இல் அரசு அந்த மருத்துவமனையை ஏற்றது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. அதைச் சுற்றி, குரோம்பேட்டையிலிருந்து காட்டாங்கொளத்தூர் வரை, பெருங்குடியிலிருந்து கேளம்பாக்கம் வரை, பெரிய மருத்துவமனைகளும் நர்சிங் கல்லூரிகளும் நிறைந்துவிட்டன. கல்லீரல் மாற்றவும் இதயம் மாற்றவும் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்திறங்கும் வட்டாரம் இது. இந்த வளர்ச்சியில் செவிலியப் பணிக்கு என்ன ஆயிற்று? என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். செவிலியத்தின் அடித்தளம் என்று முதலாண்டு வகுப்பில் எதைக் கற்பிக்கிறோமோ, அதையே வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில் அவர்களிடமிருந்து பிடுங்கி வேறொருவர் கையில் கொடுத்துவிடுகிறோம்.

இந்தியச் செவிலியர் மன்றம் 2021-இல் திருத்திய பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் முதல் இரண்டு பருவங்களிலும் 'நர்சிங் ஃபவுண்டேஷன்' இருக்கிறது. படுக்கை விரிப்பது, படுத்த நிலையிலேயே குளிப்பாட்டுவது, வாய் சுத்தம் செய்வது, முதுகைப் பராமரிப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், உடல் வெப்பம் பார்ப்பது. வெளியாள் பார்வைக்கு இவை வீட்டு வேலையைப் போலத் தெரியும். செவிலியக் கோட்பாட்டாளர் வர்ஜீனியா ஹெண்டர்சன் செவிலியத்தை வரையறுத்தபோது பட்டியலிட்ட 14 தேவைகளில் பெரும்பாலானவையும் இப்படிப்பட்டவைதான்: மூச்சு விடுதல், உண்ணுதல், கழித்தல், தூங்குதல், உடுத்துதல்.

ஆனால் ஒரு படுக்கைக் குளியலைக் கூர்ந்து பாருங்கள். வயதான நோயாளியை ஒருக்களித்துத் திருப்பும்போது மூச்சு வாங்குகிறதா என்று தெரியும். இடுப்பெலும்புக்கு மேலே தோல் சிவந்திருந்தால், விரலால் அழுத்தி எடுக்கும்போது அந்தச் சிவப்பு வெளுக்கிறதா, அப்படியே நிற்கிறதா என்று பார்க்கலாம். வெளுக்காவிட்டால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். குதிகால், காது மடல், டிரிப்ஸ் ஏறும் கையின் வீக்கம், கால் வீக்கம், நேற்றுவரை பெயர் சொன்னவர் இன்று குழறுவது என எல்லாமே அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் கண்ணில் படும். குளிப்பாட்டும் கை அதே நேரத்தில் பரிசோதிக்கும் கையாகவும் இருக்கிறது. அந்தக் கையைப் பயிற்சி இல்லாதவரிடம் ஒப்படைத்தால் உடம்பு சுத்தமாகும். பரிசோதனை நடக்காது.

மூச்சு எண்ணுவதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு முழு நிமிடம் நெஞ்சின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து எண்ண வேண்டும் என்பது பாடம். நோயாளி மோசமாகப் போகிறார் என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் மூச்சின் வேகம்தான். உலகெங்கும் வார்டுகளில் மிக அதிகமாக எண்ணாமலேயே எழுதப்படும் அளவும் அதுதான். வரிசையாக எல்லாப் படுக்கைக்கும் 18, 20 என்று எழுதியிருக்கும். இதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. நாற்பது படுக்கைக்கு ஒருவர் நின்றால், மூச்சுக்கு மட்டும் நாற்பது நிமிடம் வேண்டும்.

இந்த எளிய அளவுகளின் மதிப்பைத் தமிழ்நாடே நிரூபித்திருக்கிறது. 2022-இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' புதிய காசநோயாளிகளை முதல் நாளே தரம் பிரிக்கிறது. அதற்கு ஸ்கேன் வேண்டாம், ரத்தப் பரிசோதனையும் வேண்டாம். உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்ற ஐந்தை வைத்து, யாரை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களில் நடப்பவை என்பதால், இந்த முதல் நாள் கவனிப்பு உயிர் காக்கிறது. அந்த ஐந்துமே முதலாண்டு நர்சிங் மாணவி கற்றுக்கொள்பவை. அவற்றைக் கட்டாயமாக்கி, பார்த்ததை வைத்து முடிவெடுக்கும் வழியையும் திறந்துவிட்டார்கள். அவ்வளவுதான் புதுமை, ஆனால் அது பெரிய விஷயம்.

அப்படியானால் சாதாரண வார்டில் இந்த வேலையை இன்று யார் செய்கிறார்கள்? அம்மாவோ, மகளோ, மருமகளோ. மருத்துவமனை மொழியில் 'அட்டெண்டர்'. துடைப்பது, ஊட்டுவது, சிறுநீர்ப் பையைக் காலி செய்வது, டிரிப்ஸ் தீர்ந்தால் ஓடிப்போய்ச் சொல்வது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அவர்களால் முடியாததை ஆயாம்மா செய்கிறார். சிஸ்டருக்கு மிஞ்சுவது ஊசி, மாத்திரை, கேஸ் ஷீட், கணினிப் பதிவு.

உறவினர் உடனிருப்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. நோயாளிக்குப் பிடித்த ரசத்தை வீட்டிலிருந்து கொண்டுவருவதும், இரவில் பயந்தால் கையைப் பிடித்துக்கொள்வதும் எந்த நிறுவனத்தாலும் தர முடியாதவை. உறவினரைப் படுக்கையருகே விடாத மருத்துவ முறைகள் கோவிட் காலத்தில் எவ்வளவு கொடுமையாக இருந்தன என்று எல்லாரும் பார்த்தோம். ஆனால் உடனிருப்பது வேறு, ஆள் பற்றாக்குறைக்குக் கூலியில்லாத வேலையாளாக இருப்பது வேறு. கல்பாக்கத்திலிருந்தோ மதுராந்தகத்திலிருந்தோ வந்து, அன்றைய வருமானத்தை விட்டுவிட்டு வார்டில் தரையில் படுத்திருக்கும் பெண்ணுக்கு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. புண் வந்த பிறகு, "சரியாப் பாத்துக்கலையாம்மா?" என்ற கேள்வி மட்டும் அவரிடம் வருகிறது.

துடைக்கும் வேலை கீழே இறங்கிக்கொண்டே போவதற்கு நேரமின்மை மட்டும் காரணமில்லை. சாதியும் காரணம். 1871-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியதிலிருந்து நெடுங்காலம் இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் கிறித்தவப் பெண்களும்தான். மலம், சளி, ரத்தம், அந்நிய ஆணின் உடல் ஆகியவற்றைத் தொடும் வேலை என்பதால் மற்றவர்கள் விலகி நின்றார்கள். பிறகு தொழிலுக்கு மரியாதை வந்தது: 1926-இல் சென்னை மாகாணப் பதிவுச் சட்டம், 1946-இல் வேலூரில் பி.எஸ்சி. பட்டம், 1947-இல் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம். இவற்றுக்காகப் போராடிய பெண்களை எவ்வளவு போற்றினாலும் தகும். ஆனால் மரியாதை ஏறிய வேகத்தில் தொடும் வேலை இறங்கியது. அது போய்ச் சேர்ந்த இடம் எது என்று வார்டு ஆயாக்களின், தூய்மைப் பணியாளர்களின் குடும்பப் பின்னணியைப் பார்த்தாலே தெரியும். தீட்டுக் கணக்கு மருத்துவமனைக்குள்ளும் வேலைப் பிரிவினையாக நுழைந்துவிட்டது. செவிலியர் தலைவர்கள் இதை வெளிப்படையாகப் பேசாமலிருப்பது எனக்கு வருத்தம்.

இதே தாம்பரத்தில் இதற்கு நேர்மாறான காலமும் ஒன்று இருந்தது. 1993-இல் சானடோரியம் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கியது. அப்போது மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. அரசின் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் 2004 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் தாம்பரம் உள்ளிட்ட எட்டு மருத்துவமனைகளில் தொடங்கியது. இடைப்பட்ட அந்தப் பதினோரு ஆண்டுகளில், பல இடங்களில் தொடவே தயங்கிய நோயாளிகள், குடும்பமே கைவிட்டவர்கள் உட்பட, ஆந்திரத்திலிருந்துகூட இங்கே வந்தார்கள். பலருக்கு அட்டெண்டர் கிடையாது. வாய்ப்புண்ணைத் துடைத்து, வயிற்றுப்போக்கைச் சமாளித்து, கையுறையோடும் கையுறைக்கு மேலான தைரியத்தோடும் அவர்களைப் பார்த்துக்கொண்டது அந்த வார்டுகள். தமிழகச் செவிலிய வரலாற்றில் இதைவிடப் பெரிய அத்தியாயம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. நர்சிங் கல்லூரிகளில் நைட்டிங்கேலின் விளக்கை ஏற்றி உறுதிமொழி எடுக்கும் மாணவிகளுக்கு, பேருந்து தூரத்தில் நடந்த இந்த வரலாற்றையும் சொல்லித்தர வேண்டும்.

நம் முறையின் இன்னொரு பலம் ஆரம்ப சுகாதார நிலையம். ஒரு நிலையத்துக்கு மூன்று ஸ்டாஃப் நர்ஸ் என்று போட்டு, இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கச் செய்த முடிவு தமிழகத்தையே மாற்றியது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. இரவு இரண்டு மணிக்குத் தனியாக நின்று பிரசவம் பார்க்கவும், ரத்தப்போக்கு கூடுகிறதா, மேல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமா என்று முடிவெடுக்கவும் அந்த நர்ஸை நம்புகிறோம். அதே நர்ஸ் பெரிய மருத்துவமனைக்கு மாற்றலாகி வந்தால், டாக்டர் எழுதாமல் எதுவும் செய்ய முடியாதவராகச் சுருங்கிவிடுகிறார். பதவி உயர்வு வந்தாலும் அது அவரைச் சூப்பரிண்டென்டண்ட் மேசைக்கு, டியூட்டி பட்டியலுக்கு, ஸ்டோர் கணக்குக்கு அழைத்துப்போகிறது. இருபது ஆண்டுக் கைத்திறனோடு நோயாளி அருகிலேயே இருந்துகொண்டு உயர வழியே இல்லை.

ஆள் கணக்கைத் தவிர்க்க முடியாது. இந்தியச் செவிலியர் மன்ற அளவுகோல்படி போதனை மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒருவர், பொது மருத்துவமனையில் ஐவருக்கு ஒருவர், தீவிர சிகிச்சையில் ஒருவருக்கு ஒருவர். அரசானாலும் தனியாரானாலும், நம் ஊரில் இரவு நேர வார்டுக்குள் நுழைந்து எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவில் லிண்டா ஐக்கன் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளில் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று காட்டியது. அது நாலைந்து நோயாளியிலிருந்து எண்ணத் தொடங்கிய கணக்கு.

ஆளைக் கூட்ட அரசு கண்ட வழி ஒப்பந்தம். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி வந்த ஆயிரக்கணக்கான செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் தொடங்கினார்கள். இரண்டாண்டில் நிரந்தரம் என்ற எதிர்பார்ப்பு பொய்த்து, 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் குழந்தைகளோடு அமர்ந்து போராடினார்கள். சம்பளம் 14,000, பிறகு 18,000 என்று ஏறியது. நிரந்தரம் மட்டும் சிறுசிறு தவணையாகவே வந்தது. கோவிட் காலத்தில் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்துபோனது. தனியார் நிலை வேறு விதம். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி அமைந்த மத்தியக் குழு, 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200-க்கு மேல் என்றால் அரசுச் சம்பளத்துக்கு ஈடாகத் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. கேரளம் போராட்டங்களுக்குப் பிறகு 2018-இல் குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தியது. இங்கே அந்தப் பரிந்துரை காகிதத்தில் இருக்கிறது. அதனால்தான் பல தனியார் மருத்துவமனைகளில் வார்டில் நிற்பவர் எப்போதும் புதியவர். இரண்டு வருட அனுபவச் சான்றிதழ் கிடைத்ததும் வளைகுடாவுக்கோ ஜெர்மனிக்கோ போய்விடுகிறார். போகிறவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை கிடையாது. 2023-இல் வந்த தேசியச் செவிலியர், பேறுகாலப் பணியாளர் ஆணையச் சட்டம் கல்வித் தரத்தையும் பதிவையும் சீர்செய்யலாம். சம்பளத்தை அது தொடவில்லை.

செவிலியப் பணியில் விழுந்த இந்த ஓட்டையின் விளைவைப் புறநகர் வீடுகளில் பார்க்கலாம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, சேலையூரிலும் சிட்லபாக்கத்திலும் குரோம்பேட்டையிலும் தனியாக முதுமையைக் கழிக்கும் பெற்றோர் ஏராளம். பக்கவாதத்தோடு டிஸ்சார்ஜ் ஆகி வரும் அப்பாவுக்கு ஏஜென்சி ஒரு 'ஹோம் நர்ஸை' அனுப்புகிறது. அவர்களில் பலர் எந்த மன்றத்திலும் பதிவு செய்யாதவர்கள், சில வாரப் பயிற்சிகூடப் பெறாதவர்கள். கடலூரிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்த ஏழைப் பெண்கள். மூக்குக் குழாய் வழியே கஞ்சி ஊற்றுவது அவர்கள் கையில் இருக்கிறது. தலையை உயர்த்தாமல் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும் என்பதை யார் அவர்களுக்குச் சொன்னார்கள்?

வீட்டில் நல்ல கவனிப்பு தருவதற்கான விடையும் சென்னையில்தான் முதலில் நிரூபிக்கப்பட்டது. 1956-இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நோயாளிகளைச் சானடோரியத்திலும் வீட்டிலும் வைத்து ஒப்பிட்டது. நெரிசலான, வறிய வீடுகளில் மாத்திரை சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள் என்று 1959-இல் அறிவித்தது. சானடோரியம் தேவையில்லை என்பதாகவே உலகம் இதைப் படித்தது. ஆனால் அந்த வீடுகளுக்குப் பயிற்சி பெற்றவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள், குடும்பத்தோடு பேசினார்கள். கட்டிடத்தை விட்டு நோயாளி வெளியேறினாலும் கவனிப்பு கூடவே போனது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அதே வழியில், வட்டாரத்துக்கு ஒரு நோய்த்தணிப்புச் செவிலியரை வீடுகளுக்கு அனுப்புகிறது. நல்ல தொடக்கம், ஆனால் ஒரு வட்டாரம் முழுவதற்கும் ஒருவர் போதாது.

தாம்பரம் மாநகராட்சிக்கு 70 வார்டுகள். வார்டுக்கு ஒரு பதிவு பெற்ற செவிலியர், நிரந்தரப் பணியில், 70 பேர் போதும் தொடங்குவதற்கு. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொருவரையும் முதல் வாரத்துக்குள் அவர் போய்ப் பார்க்க வேண்டும். முதுகைத் திருப்பிப் பார்க்க வேண்டும், மூச்சை ஒரு நிமிடம் எண்ண வேண்டும், மருமகளுக்கும் ஹோம் நர்ஸ் என்று வந்திருக்கும் பெண்ணுக்கும் புரட்டவும் ஊட்டவும் கற்றுக்கொடுக்க வேண்டும். மோசமாகத் தெரிந்தால் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு நேரடியாகச் சேர்க்கைச் சீட்டு எழுதும் அதிகாரமும் அவரிடம் இருக்க வேண்டும். டாக்டர்கள் சங்கம் அந்தக் கடைசி வரியை எதிர்க்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நள்ளிரவில் ரத்தப்போக்கைப் பார்த்துத் தாயை மேல் மருத்துவமனைக்கு அனுப்பும் அதே நர்ஸ்தான் இவர் என்று அவர்களிடம் சொல்லலாம்.