பதவி இழந்த ஆசிரியரும் மலைநாட்டுப் பிடிலும்

நாட்டார் கலைஞரைப் பற்றி எழுதப் புகுவோரிற் பலர் அவருடைய கலையை விட்டுவிட்டு அவருடைய குடியைப் பற்றி எழுதத் தொடங்கிவிடுகின்றனர். அயர்லாந்தின் பிடில் கலைஞர் பாட்ரிக் ஓகீஃபுக்கு நேர்ந்த கதியும் இதுவே. மதுக்கடையில் அவர் உதிர்த்த நகைச்சுவைகள் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மலைப்பாதைகளில் நடந்து நடந்து ஒரு பிரதேசத்தின் இசையையே வளர்த்தெடுத்த அவரது உழைப்போ அக்கதைகளுக்கு அடியிற் புதையுண்டு கிடக்கின்றது.

கெரி, கோர்க் ஆகிய இரு மாவட்டங்களின் எல்லையில் உள்ளது ஷ்லீவ் லூக்ரா. கோரைப்புல் மண்டிய ஈரநிலம். சிறு விவசாயிகளின் நாடு. காசில்ஐலண்ட் என்னும் ஊருக்கு அண்மையிலுள்ள கிளவுண்டேனில் 1887இல் ஓகீஃப் பிறந்தார். தந்தையார் அவ்வூர்ப் பாடசாலையின் தலைமையாசிரியர். இசையோ தாய்வழிச் சொத்து. 1915இல் தந்தையின் பதவி மகனுக்கு வந்தது. 1920இல் அது பறிபோயிற்று. நேர ஒழுங்குக்கும் மேலிடத்துக் கட்டளைகளுக்கும் அடங்கி நடக்கும் இயல்பு அவரிடம் இருக்கவில்லை. ஒரு குடும்பத்துக்கு இது இழப்புத்தான். ஆனால், அந்தப் பாடசாலைக் கதவு அடைபட்டதனாலேயே நூற்றுக்கணக்கான வீடுகளின் அடுப்பங்கரைகள் வகுப்பறைகளாயின என்பதையும் நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

அவர் வீடு வீடாகச் சென்று கற்பித்தார், கூலி சொற்பம். முறையான சுரக்குறிப்பு அவர் அறியாததன்று. எனினும், நாள் முழுதும் வயலில் நின்ற பிள்ளைக்கு அதைப் புகட்டிக்கொண்டிருக்க அவர் விரும்பவில்லை. ஐந்து கோடுகளுக்கிடையே உள்ள நான்கு இடைவெளிகளையும் பிடிலின் நான்கு தந்திகளாகக் கொண்டார். எந்த விரலை வைப்பது என்பதை எண்ணால் எழுதினார். விரல் படாத தந்திக்குச் சுழியம். அக்கோர்டியன் பயில்வோருக்கு வேறொரு முறை வகுத்தார்: கட்டைகளுக்கு எண்கள், துருத்தியை இழுப்பதற்கும் அமுக்குவதற்கும் அடையாளங்கள். எழுத்தறிவு குறைந்தோரும் ஒரு மாலைப்பொழுதில் விளங்கிக்கொள்ளக் கூடிய இம்முறையைப் பண்டிதர்கள் ஏளனஞ் செய்யலாம். எனது நோக்கில் அவருடைய மேதைமை ஒளிர்வது இங்கேதான். எலும்புக்கூட்டை மட்டுமே அவர் தாளில் எழுதிக் கொடுத்தார். வில்லின் ஓட்டம், அசைவு, சுழிப்பு ஆகிய தசையும் குருதியும் செவிவழியே சென்றன. ஆகவேதான் அவருடைய மாணவர் எவரும் அவருடைய நகலாகி விடவில்லை.

அவர் காலத்து அரசியலையும் ஒதுக்கிவிட முடியாது. 1935இன் பொது நடனமண்டபச் சட்டம் அனுமதிப்பத்திரமின்றிப் பொது நடனம் நடத்துவதைக் குற்றமாக்கிற்று. வீட்டு நடனங்களையும் பல இடங்களில் மதகுருமாரும் பொலிசாரும் இச்சட்டத்தைக் காட்டி அடக்கினர். விடுதலை பெற்ற ஒரு தேசத்தின் அரசு தன் மக்களின் ஆட்டத்துக்கே அஞ்சியது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று! மறுபுறம் வறுமை இளைஞரை நாடு கடத்திற்று. ஓகீஃபின் தலைமாணவர்களான உடன்பிறந்தோருள் டெனிஸ் மேர்பி நியூயோர்க்கிலும், அவருடைய தங்கை ஜூலியா கிளிஃபர்ட் லண்டனிலும் பிழைப்புத் தேடினர். ஜொனி ஓலியரி அக்கோர்டியனுடன் ஊரிலேயே நின்று பல்லாண்டுகள் நடனத்துக்கு வாசித்தார்.

1948-49இல் ஷேமஸ் எனிஸ் அயர்லாந்து வானொலிக்காக ஓகீஃபை ஒலிப்பதிவு செய்தார். பின்னர் 1993இல் இசைத்தட்டாக வெளிவந்த அப்பதிவுகளே அவரை மதிப்பிடச் சிறந்த சான்று. பொல்கா, ஸ்லைட் ஆகிய துள்ளல் ஆட்ட இசைகளில் அவருடைய வில் குறுகி, கால்களுக்குக் கட்டளையிடுகின்றது. அதே வில் மெல்லிசைப் பாடல்மெட்டுகளிலே நீண்டு, சொற்களை இழந்த ஒரு புலம்பலாகின்றது. தொட்டிலாட்டும் கிழவனைப் பற்றிய மெட்டொன்றில் கதவுத் திறப்பைப் பல்லிடையே கவ்விப் பிடிலின் குதிரையிற் படச் செய்து குழந்தையின் அழுகுரலை எழுப்புவார் என்பர். விநோத வித்தையென இதனை ஒதுக்குவோருடன் நான் உடன்படேன். அடுப்பங்கரையிற் கூடியிருந்தோரைச் சிரிக்க வைப்பதும் அக்கலைஞரின் கடமைகளுள் ஒன்றே. அதிவேக வாசிப்பில் அக்காலத்து அமெரிக்க இசைத்தட்டுக் கலைஞர்கள் அவரை விஞ்சுவர் என்பதும் உண்மையே. அந்தப் போட்டியில் அவர் இறங்கவில்லை.

1963 பெப்ரவரியில் அவர் இறந்தார். அதற்குப் பதினோராண்டுகளுக்கு முன், 1952இல், பிபிசிக்காக எனிஸ் பதிவு செய்தவற்றுள் ஆசிரியரும் டெனிசும் ஜூலியாவும் வாசித்தவை உள்ளன. 1977இல் அவை இசைத்தட்டாயின. அவற்றைக் கேட்போர் மூவரின் வில்களையும் வேறு வேறாக இனங்காண முடியும். எண்கள் நிறைந்த அந்தத் தாள்களைச் சில குடும்பங்கள் நெடுங்காலம் பேணி வைத்திருந்தன.