அன்னமாகிவிடும் பூநாரை

இயற்கை வரலாற்று நூல்களைத் தமிழாக்குவோருக்குக் கலைச்சொல்லினும் பறவைப் பெயரே பெரிதும் இடர் தருகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1941இல் வெளியிட்ட சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் பற்றிய நூல் தொடங்கி இவ்விடர் நீடிக்கிறது.

செம்பூருக்குக் கிழக்கே தாணே உப்பங்கழிக்குக் குளிர்காலத்தில் வரும் பூநாரை தக்க சான்று. அப்பகுதி 2015இல் பூநாரைச் சரணாலயமாயிற்று. 2022இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. இப்பறவையை மராத்தியர் 'ரோஹித்' என்றும் 'அக்னிபங்க்' என்றும் வழங்குவர். இந்தியில் 'ராஜஹன்ஸ்' என்ற பெயரும் உண்டு. 'ஹன்ஸ்' எனக் கண்டவுடன் 'அன்னம்' என எழுதினால் பறவையே மாறிவிடுகிறது. அன்னம் பாலையும் நீரையும் பிரிப்பதாக இலக்கிய மரபு கூறும். பூநாரையோ வளைந்த அலகைத் தலைகீழாக அமிழ்த்திச் சேற்றுநீரை வடித்துப் பாசியையும் நுண்ணுயிர்களையும் உண்கிறது. (பிரித்தலில் இரண்டும் ஒக்கும் எனலாம், வகைப்பாட்டிற்கு அது உதவாது.) நிறம் நோக்கிச் 'செந்நாரை' என ஆக்குவதும் பிழையே, அப்பெயர் ஏற்கெனவே வேறொரு பறவைக்கு உரியது.

மராத்தியில் வனத்துறை அலுவலராயிருந்த மாருதி சிதம்பள்ளி (1932–2025) காட்டுவாழ் மக்களின் சொற்களைத் திரட்டித் தம் எழுத்திற் பயன்கொண்டார். அவருடைய 'பக்ஷிகோஷ்' மொழிபெயர்ப்பாளர் பார்க்கத்தக்க நூல். தமிழில் மா. கிருஷ்ணனின் (1912–1996) கட்டுரைகள் அவ்வகையில் துணைபுரியும்.

தாராவித் தமிழருட் பலர் நெல்லைச் சீமையினர். அச்சீமையின் கூந்தன்குளத்திற்கும் பூநாரை வருவதுண்டு. ஆகவே மும்பைவாழ் மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் புரட்டுமுன் தாராவி முதியோரை வினவுதல் நன்று.