பதினைந்து சுற்றின் நயம்

பெங்களூரு மினர்வா சர்க்கிளிலிருந்து டவுன் ஹால் பக்கம் ஜே.சி. ரோட்டில் நடந்தால், இரு பக்கமும் வண்டிச் சாமான் கடைகள். மைசூரின் கடைசி மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையாரின் பெயர் தாங்கிய ரோடு. சீட் கவருக்கும் ஹாரனுக்கும் கூட்டம் நெரியும். நான் சொல்ல வந்த வேலை அந்தக் கடை வாசல்களில் நடப்பதில்லை. சந்துக்குள் நுழைந்து, எண்ணெய் படிந்த தரையுள்ள சின்னப் பட்டறைகளில் தேட வேண்டும். ஸ்பார்க் பிளக் மரை போய்விட்ட சிலிண்டர் ஹெட்டுக்குப் புது மரை போடும் வேலை அது. சத்தம் இல்லை, தீப்பொறி இல்லை, வேடிக்கை பார்க்க ஆள் நிற்பதும் இல்லை. ஆனால் மோட்டார் வேலைகளில் இவ்வளவு நுணுக்கமான ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்த மரையையே முதலில் பார்ப்போம். நம் ஊரில் நெடுங்காலமாக ஓடும் கார்களில் பிளக்கின் விட்டம் பெரும்பாலும் 14 மில்லிமீட்டர். ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1.25 மில்லிமீட்டர். நீளமான பிளக் என்றால் 19 மில்லிமீட்டர் உள்ளே இறங்கும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய பதினைந்து சுற்று. உள்ளே பெட்ரோல் எரியும்போது அழுத்தம் 60 பார் என்று வைத்துக்கொண்டால், பிளக்கை வெளியே தள்ளும் விசை 90 கிலோ எடையைத் தாண்டும். என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது இந்தத் தள்ளு ஒரு வினாடியில் 25 தடவை வரும். அதைத் தாங்குவதோடு, பிளக் முனையில் ஏறும் சூட்டில் பெரும்பகுதியை ஹெட்டுக்குள் இறக்கிவிடுவதும் இந்த மரையும் அதன் மேலுள்ள வாஷர் இருக்கையும்தான்.

அம்பாசடரின் ஹெட் வார்ப்பிரும்பு. முரட்டுக் கையையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பிரீமியர் பத்மினிக்கும் மாருதி 800க்கும் அலுமினிய ஹெட். எஃகு பிளக், அலுமினியத் துளை: சூடேறினால் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், மென்மையும் ஆகும். அவசரக்காரர் ஒருவர் கொதிக்கும் என்ஜினில் பிளக்கைத் திருகினால், மரை பிளக்கோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வரும். கோணலாக நுழைத்து ஸ்பானரால் இறுக்கினாலும் அதே கதி. ஒரே நிமிடத்தில் பதினைந்து சுற்றும் வெள்ளிப் பொடியாகிவிடும்.

இப்போது மேஸ்திரியின் கை. வண்டிக்காரர் பதற்றமாக, “அண்ணா, ஹெட்டையே மாத்திடணுமா?” என்பார். “எதுக்கு சார்? பழசவிட ஸ்ட்ராங்கா நிக்கும்” என்று பதில் வரும். அந்தப் பதில் ஆறுதல் வார்த்தை இல்லை, உண்மை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பிஸ்டனை முதலில் கீழே இறக்கி வைக்கிறார். மரை வெட்டும் டேப் அதில் இடிக்கக் கூடாது. அந்த டேப்பைக் கையில் வாங்கிப் பாருங்கள். முனையில் பழைய 14 மில்லிமீட்டர் மரை, அதற்கு மேலே சற்றுப் பெரிய, புதிதாக வெட்டும் மரை. துளையில் மிச்சம் இருக்கும் அரைகுறைச் சுற்றுகளை அந்த முனை பற்றிக்கொண்டு, பின்னால் வரும் வெட்டுப் பல்லை நேராக அழைத்துப் போகிறது. அழிந்துபோனதில் எஞ்சியதே புதியதற்கு வழிகாட்டி. இதை யோசித்துச் செய்தவரை நான் வணங்குகிறேன்.

டேப்பின் பள்ளங்களில் கிரீஸை நிறைய அப்புகிறார், துருவல் சிலிண்டருக்குள் விழாமல் அதிலே ஒட்டிக்கொள்ள. அரைச்சுற்று முன்னே, கொஞ்சம் பின்னே. எதிர்ப்பு கூடுகிற இடத்தில் கை தானாக நிற்கிறது. வெளியே எடுத்துத் துடைக்கிறார், மறுபடி கிரீஸ், மறுபடி அரைச்சுற்று. பக்கத்துக் கடையில் யாரோ கன்னடத்தில் கூப்பிடுகிறார்கள். இவர் தலை திரும்பவில்லை. முதல் இரண்டு சுற்று கோணாமல் நுழைந்துவிட்டால் மற்றது கேட்டபடி வரும். திறமையெல்லாம் அந்த இரண்டு சுற்றில்தான்.

அடுத்து ஹெலிகாயில். பேனா ஸ்பிரிங்கைப் போன்ற துருப்பிடிக்காத எஃகுச் சுருள். கம்பியின் குறுக்குவெட்டு மட்டும் வைரத்தின் சாய்சதுரம். அதன் வெளிமுகம் ஹெட்டுக்கு மரை, உள்முகம் பிளக்குக்கு மரை. துளையைவிடச் சுருள் சற்றுப் பெரியது. கருவியில் மாட்டித் திருகும்போது சுருங்கி நுழைகிறது; விட்டதும் விரிந்து நாலாபுறமும் அலுமினியத்தை அழுத்திப் பிடிக்கிறது. பசை வேண்டாம், பற்றவைப்பு வேண்டாம். மேல் விளிம்புக்குக் கால் சுற்று, அரைச் சுற்று கீழே நிறுத்துகிறார். வாஷர் உட்காரும் தளத்தைச் சுருள் தொடக் கூடாது. கடைசியில் அடியிலிருக்கும் சின்ன நாக்கை நோஸ் பிளையரால் பிடித்து மேலும் கீழும் வளைத்து முறித்து எடுக்கிறார். மற்ற துளைகளில் அதைத் தட்டி உடைத்துவிடலாம். இங்கே தட்டினால் நாக்கு சிலிண்டருக்குள் விழும். பிளக் போடாமல் என்ஜினைச் சில சுற்று சுழலவிட்டு, மிச்சத் துருவலையும் ஊதித் தள்ளிய பிறகே அவர் முகம் தளர்கிறது.

பழையதைவிட வலுவானது என்ற பேச்சுக்குச் சான்று ஆகாயத்திலேயே இருக்கிறது. பிஸ்டன் விமான என்ஜின்களின் பிளக் துளைகளில் இத்தகைய சுருள்களைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி அனுப்புவது உண்டு. புதிய மரை இன்னும் அகலமான வட்டத்தில் அலுமினியத்தைப் பற்றுகிறது. பிளக் உரசுவதோ இனி எஃகின் மேல்.

இந்த வேலை இந்த ஊரில் செழித்ததில் எனக்கு வியப்பில்லை. 1940இல் இங்கே தொடங்கிய விமான ஆலையில் யுத்த காலத்தில் அமெரிக்க விமானங்களைப் பழுது பார்த்தார்கள். 1951இல் பிறந்த மைக்கோ நிறுவனம், ஆடுகோடி ஆலையில் ஸ்பார்க் பிளக்கே செய்தது. 2008இல் நிறுவனத்தின் பெயர் பாஷ் என்று மாறியும், மைக்கோ லேஅவுட் என்ற குடியிருப்பின் பெயர் அப்படியே இருக்கிறது. பீன்யாவின் லேத் பட்டறைகளையும் சேர்த்தால், நுண்ணளவு பழகிய கைகளுக்கு இங்கே என்றுமே பஞ்சமில்லை.

சுருளா, விளிம்பு வைத்த கெட்டி புஷ்ஷா என்று மேஸ்திரிகளுக்குள் வாதம் உண்டு. அடிக்கடி பிளக் கழற்றும் வண்டிக்கு புஷ்தான் மேல். பிளக்கோடு சேர்ந்து வெளியே வராது. அழகுக்கு என் ஓட்டு சுருளுக்கே.

உங்கள் வண்டிக்கு இந்த வைத்தியம் தேவைப்படாமலே போகட்டும். பிளக் மாற்றும் நாளில் என்ஜினை நன்றாக ஆறவிடுங்கள். முதல் சுற்றுகளை ஸ்பானர் இல்லாமல் விரலாலேயே திருகுங்கள். விரலுக்கு முரண்டு பிடித்தால் கழற்றி மறுபடி தொடங்குங்கள்.