பள்ளி கட்டுவதும் பள்ளி நடத்துவதும்

ஆப்கானிஸ்தானின் கல்வி அமைச்சகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு குழந்தை மூன்றாண்டுகள் வரை பள்ளிப் பக்கமே வராவிட்டாலும் அதன் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடிக்கமாட்டார்கள். திரும்பி வந்துவிடலாம் என்பது அவர்கள் சொன்ன காரணம். குடும்பங்கள் ஊர்விட்டு ஊர் ஓடும் நாட்டில் அது நியாயமும்கூட. ஆனால் அந்தப் பதிவேட்டைக் கூட்டித்தான் வெளிநாட்டு நிதி கேட்கப்பட்டது; அதே கூட்டுத்தொகையைக் காட்டித்தான் கொடையாளர் நாடுகள் தம் மக்களிடம் வெற்றி பேசின. 2016 இறுதியில் அன்றைய கல்வி அமைச்சரே உண்மையை உடைத்தார். ஒரு கோடிக்கு மேல் என்று சொல்லப்பட்ட மாணவர்களில் வகுப்புக்கு வருபவர்கள் 60 லட்சம் பேர்தான் என்றார்.

இதை வைத்து 2001க்குப் பிந்தைய இருபதாண்டு வெளிநாட்டு உதவியையும் மோசடி என்று முடித்துவிடுவது எளிது. ஆனால் அந்த 60 லட்சத்தையும் நின்று பார்க்க வேண்டும். 2001இல் அந்நாட்டில் பள்ளியில் இருந்தவர்கள் சுமார் 10 லட்சம் பேர்; அவர்களில் பெண் குழந்தைகள் ஏறக்குறைய யாருமில்லை. 2018இல் தொடக்கப் பள்ளிகளில் மட்டும் 25 லட்சம் சிறுமிகள் இருந்ததாக யுனெஸ்கோ கணக்கிட்டது. பெண்களின் எழுத்தறிவு 17 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 30 விழுக்காடானது. உயர்கல்வியில் சுமார் 5,000 பேராக இருந்த பெண்கள் 2021க்குள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். பதிவேட்டின் மிகையைக் கழித்தாலும் மிச்சம் பெரிது. அந்நியப் பணம் வராமல் இது நடந்திருக்காது.

எனில் குறை எங்கே? கட்டுவதற்குக் கிடைத்த பணமும் கவனமும், கட்டியதை நடத்துவதற்குக் கிடைக்கவில்லை என்பதே என் வாதம். கோயில் கட்டுபவர் விளக்கெண்ணெய்க்கும் சேர்த்து நிலம் எழுதிவைப்பார். இங்கே கோபுரம் எழுந்தது; எண்ணெய்க்கு யாரும் எழுதிவைக்கவில்லை.

சாலையைப் பாருங்கள். காபூல்–காந்தகார் நெடுஞ்சாலை ஏறத்தாழ 480 கி.மீ. நீளம். 1960களில் அமெரிக்க உதவியில் அமைந்து, போர்களில் சிதைந்து, 2003 டிசம்பரில் மறுபடியும் பெரும்பாலும் அமெரிக்கப் பணத்தில் திறக்கப்பட்டது. ஒரு பகல், ஓர் இரவு என்று நீண்ட பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது. நோயாளிக்கும் மாதுளை வியாபாரிக்கும் அதன் பயன் கண்கூடு. 2002 முதல் சாலைகளுக்காக மட்டும் அமெரிக்கா சுமார் 280 கோடி டாலர் செலவழித்தது. அமெரிக்க நாடாளுமன்றம் இந்த மறுகட்டுமானச் செலவைத் தணிக்கை செய்யவென்றே சிகார் என்ற தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகத்தை ஏற்படுத்தியிருந்தது. அந்த அலுவலகம் 2016இல் பரிசோதித்த சாலைகளில் பெரும்பாலானவை பழுதடைந்து கிடந்தன. குண்டுவெடிப்பு ஒரு காரணம். மராமத்துக்குக் காசில்லாதது இன்னொரு காரணம். ஆண்டுக்கு 10 கோடி டாலர் தேவைப்பட்ட இடத்தில் நான்கில் ஒரு பங்குகூட அரசின் கையில் இல்லை.

காபூலுக்கு அருகிலுள்ள தாராகில் மின்நிலையம் இதைவிடக் கசப்பான பாடம். 33.5 கோடி டாலரில் அமைந்த 105 மெகாவாட் நிலையம் டீசலில் ஓடுவது. உஸ்பெகிஸ்தானிலிருந்து கம்பி வழியே வரும் மின்சாரமோ அதைவிடப் பலமடங்கு மலிவு. விளைவு, 2014, 2015 வாக்கில் அந்த நிலையம் தன் திறனில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே ஓடியது. கட்டுமானத்தில் அது தோற்கவில்லை. ஏழை நாட்டின் மின்வாரியம் டீசலுக்கு எங்கே போகும் என்ற கேள்வியில் தோற்றது.

இந்தியா செய்தவை இந்த வரிசையில் சற்றே மாறுபட்டவை. ஈரான் எல்லையோரத்து ஸரஞ்சிலிருந்து தெலாராம் வரை 218 கி.மீ. சாலையை இந்தியா 2009இல் ஒப்படைத்தது. துறைமுகத்துக்குப் பாகிஸ்தான் வழியையே நம்பியிருந்த நாட்டுக்கு அது மாற்றுவழி தந்தது. ஹெராத் மாகாணத்தின் சல்மா அணை 1976இல் தொடங்கிப் போரால் நின்றுபோனது. இந்தியா அதை முடித்து 2016 ஜூனில் திறந்தது. 42 மெகாவாட் மின்சாரம், 75,000 ஹெக்டேர் பாசனம் என்பது திட்டம். ஓடும் நீருக்கு எரிபொருள் வாங்க வேண்டியதில்லை என்பதால் இங்கே விளக்கெண்ணெய்க் கேள்வியின் பாரம் குறைவு. ஆனாலும் இவை நட்பின் சின்னங்களாகவும் அரசியல் காய்களாகவும் கட்டப்பட்டவை. எந்த நாடும் தனக்குப் பயனில்லாத இடத்தில் பாலம் போடுவதில்லை.

உதவியின் நோக்கம் கல்வியை எப்படி வளைக்கும் என்பதற்கு 2001க்கு முந்தைய கதை ஒன்று உண்டு. 1980களில் சோவியத் படைக்கு எதிரான போரின்போது, அமெரிக்க அரசின் நிதியில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் ஆப்கான் குழந்தைகளுக்குப் பாடநூல்கள் தயாரித்தது. அவற்றில் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த நூல்கள் பனிப்போர் முடிந்த பிறகும் வகுப்பறைகளில் புழங்கின. பள்ளிக்குப் பணம் தருவது தன்னளவில் நன்மை ஆகிவிடாது. உள்ளே என்ன கற்பிக்கப்படுகிறது என்பதும் பணம் தருபவரின் பொறுப்புதான்.

2001க்குப் பிந்தைய குறை வேறு வகை. அமெரிக்கா மறுகட்டுமானத்துக்குச் செலவழித்த சுமார் 14,500 கோடி டாலரில் 8,300 கோடி ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் போனது. மீதியிலும் பெரும்பகுதி அரசின் கருவூலத்தைத் தொடாமல் ஒப்பந்ததாரர், துணை ஒப்பந்ததாரர் என்று கைமாறிச் சென்றது. ஊழலுக்குப் பயந்து அரசைச் சுற்றிப் போனார்கள். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. ஆனால் அரசு கணக்கெழுதவும் பழுதுபார்க்கவும் பழகாமலே போயிற்று. வெளிநாட்டு அலுவலகத்தின் ஓட்டுநர் ஆசிரியரைவிட அதிகம் சம்பாதித்த ஊரில், ஆங்கிலம் தெரிந்த ஆசிரியர் வகுப்பறையில் ஏன் இருப்பார்?

எண்ணெய்க்கும் எழுதிவைத்த சில முயற்சிகளும் இருந்தன. கவர்ச்சியில்லாததால் அவை பேசப்படவில்லை. உலக வங்கி 2002 முதல் நடத்திய ஆப்கான் மறுகட்டுமான நிதியம் பல நாடுகளின் பணத்தைச் சேர்த்து அரசின் வரவு செலவுக்குள்ளேயே செலுத்தி, ஆசிரியர் உள்ளிட்ட அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் தந்தது. சம்பளப் பட்டியலுக்கு யாரும் நாடா வெட்டுவதில்லை. கோர் மாகாணத்தில் 2007இல் 31 கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில் சிலவற்றுக்கு மட்டும், ஊரிலேயே கிடைத்த இடத்தில், ஊருக்குள்ளேயே பள்ளி நடத்தினார்கள். அந்த ஊர்களில் சேர்க்கை பாய்ந்து உயர்ந்தது. ஆண், பெண் குழந்தைகளின் சேர்க்கை இடைவெளி மறைந்தது. சிறுமிகளைத் தடுத்ததில் பழமைவாதத்தைவிட நடைதூரத்துக்குப் பங்கு அதிகம் என்று அங்கே தெரிந்தது. பெரிய கட்டடம் தேவைப்படவில்லை. ஆசிரியரும் அருகாமையும் போதும்.

கிராமத்தை நம்பினால் எல்லாம் தீரும் என்றும் சொல்லமுடியாது. 2003இல் தொடங்கிய தேசிய ஒற்றுமைத் திட்டம், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்மன்றங்களின் கையில் பணத்தைக் கொடுத்தது. குடிநீரும் மின்சாரமும் மேம்பட்டன. பாசனத்திலும் சாலைகளிலும் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. அணையை ஊர்மன்றம் கட்டமுடியாது; வகுப்பறையைத் தொலைதூர ஒப்பந்ததாரர் நடத்தமுடியாது. எந்த வேலை யாருக்குரியது என்று பிரித்தறிவதே உதவியின் பாதித் திறமை.

2021 ஆகஸ்டில் தாலிபானிடம் அரசு விழுந்தது. அரசின் பொதுச் செலவில் நான்கில் மூன்று பங்கை வெளிநாட்டு உதவியே சுமந்திருந்தது. அது நின்றதும் ஆசிரியர் சம்பளம் நின்றது. சில மாதங்கள் கழித்து, ஐரோப்பிய ஒன்றிய நிதியில் யுனிசெஃப் சுமார் 1,94,000 அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு 2022 ஜனவரி, பிப்ரவரிக்கு மாதம் 100 டாலர் வீதம் கொடுத்தது. எல்லாம் இடிந்தபின் உலகம் கடைசியாகக் கை வைத்தது, முதலில் கை வைத்திருக்கவேண்டிய இடத்தில்தான்.

2022 மார்ச் 23 அன்று மேல்வகுப்புச் சிறுமிகளுக்குப் பள்ளி திறக்கும் என்று தாலிபான் அறிவித்திருந்தது. அவர்கள் பையோடு வந்தார்கள். சில மணி நேரத்தில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இந்தப் பழியை உதவியின் தலையில் போட முடியாது. எந்தக் கொடையாளரும் இன்னொரு நாட்டின் ஆட்சியை விலைக்கு வாங்கிவிட முடியாது. ஆனால் ஒரு கணக்கு மட்டும் மனதை உறுத்துகிறது. கட்டடங்கள் நிற்கின்றன. அமைச்சகத்தின் பழைய வழக்கப்படி பார்த்தால், அந்தச் சிறுமிகள் இன்னும் மூன்றாண்டுகள் பதிவேட்டில் மாணவிகளாகவே இருந்திருப்பார்கள்.