தீவுக்கு நீதி, தீவினருக்கு?

"ஆலோசனைதானே!" என்று உதட்டைப் பிதுக்குவோர் உண்டு. வாளில்லை, படையில்லை, வெறுஞ்சொல்லுக்கு ஏது வலிமை என்பது அவர்தம் வினா. தி ஹேக் நகரத்து உலக நீதிமன்றம் சாகோஸ் தீவுகள் குறித்து 2019 பிப்ரவரி 25 அன்று வழங்கிய ஆலோசனைக் கருத்துரை அவர்க்கு விடையிறுக்கிறது. ஆயினும், வாழ்த்திவிட்டு வாளாவிருத்தல் ஆகாது. வரிவரியாகப் படித்து எடைபோடுதல் வேண்டும்.

இந்தியப் பெருங்கடலின் நடுவே கிடக்கும் சிறு திட்டுகள் அவை. மொரீசியசுக்கு 1968-இல் விடுதலை வழங்கிய பிரிட்டன், அதற்கு மூன்றாண்டு முன்னரே சாகோசை அதனின்று அறுத்தெடுத்துக் கொண்டது. கொடுத்த விலை 30 இலட்சம் பவுண்! டியாகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் எழ வேண்டும். ஆகவே மக்கள் அகல வேண்டும் என்றனர். அடிமைகளாகக் கொணரப்பட்டோரின் வழித்தோன்றல்கள், தென்னந்தோப்பிலே தலைமுறை தலைமுறையாக உழைத்தோர், 1973-க்குள் முற்றாக வெளியேற்றப்பட்டனர்.

ஐ.நா. பொதுப்பேரவை 2017-இல் நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டது. இருநாட்டுப் பிணக்கைத் தன் இசைவின்றி ஆராய்தல் தகாதென்றது பிரிட்டன். மன்றம் மயங்கவில்லை. விலங்கிட்டவனிடம் விலங்கு பூண்டவன் தந்த இசைவு, மக்களின் உண்மையான விருப்பமாகாது என்பதே அதன் முடிவின் சாரம். விரைந்து வெளியேறுவது பிரிட்டனின் கடமை என 13 நீதிபதிகள் உரைத்தனர், மாறுபட்டவர் ஒருவரே.

பயன் யாது? பிரிட்டன் வெளியேறவேண்டுமென்று 2019 மே மாதத்தில் பேரவையின் 116 நாடுகள் வாக்களித்தன, எதிர்த்தவை ஆறு. அக்கருத்துரையை அடிப்படையாகக் கொண்டு 2021-இல் அனைத்துலகக் கடற்சட்டத் தீர்ப்பாயத்தின் தனிக்குழு மொரீசியசின் உரிமையை ஏற்றது. தீவுகளின் இறைமையை மொரீசியசுக்கு ஒப்புக்கொள்ளும் உடன்படிக்கையில் 2025 மே 22 அன்று பிரிட்டன் கையொப்பமிட்டது. கட்டளையிட இயலாத சொல், காலனி ஆதிக்கத்தைக் கையெழுத்திட வைத்தது!

குறையை இனிக் கூறுவோம். பேரவையின் வினாவிலேயே, வெளியேற்றப்பட்டோரை மீளக் குடியேற்ற மொரீசியசால் இயலாமை பற்றியும் கேட்கப்பட்டிருந்தது. லிஸ்பி எலிசே என்னும் சாகோஸ் மூதாட்டி, கருவுற்றிருந்த நிலையில் கப்பலேற்றப்பட்டதையும் அக்குழந்தையை இழந்ததையும் காணொளி வாயிலாக அம்மன்றத்தில் கூறியிருந்தார். இத்தனைக்கும் மன்றம் அளித்த விடை ஒற்றை வாக்கியம்: அது மனித உரிமைச் சிக்கல்; பேரவை கவனிக்க வேண்டியது! நிலத்துக்கு நெடிய ஆராய்ச்சி. நிலத்தின் மக்களுக்கு ஒருவரி முகவரி மாற்றம்!

விளைவைப் பாருங்கள். 2025 உடன்படிக்கை டியாகோ கார்சியாவின் ஆளுகையை 99 ஆண்டுகளுக்குப் பிரிட்டனிடமே விட்டுவைக்கிறது. பிற தீவுகளில் மொரீசியஸ் மக்களைக் குடியேற்றலாமாம். மக்கள் மிகுதியாய் வாழ்ந்த அந்தப் பெருந்தீவில் ஆகாதாம்! திரும்பும் உரிமையைத் தெளிவாக மன்றம் அன்றே உரைத்திருந்தால், பேரம் பேசியோர் அதனை எளிதில் தாண்டியிருப்பரோ?

நாடுகளே வழக்காடும் மன்றமது. நாடற்றவன் நாற்காலி அங்கில்லை என்பர். உண்மையே. ஆனால் ஆலோசனை கூறுவோனுக்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை என்பதனாலேயே, முழுமையாகப் பேசும் கடமை கூடுகிறது. இடித்துரைக்க வந்தவன் பாதியில் நா அடங்கலாமோ? எல்லைக்கோடு திருந்தியது, இல்லம் திரும்பாதவன் இன்னும் கரையிலே நிற்கிறான். அவனையும் எண்ணிப் பேசும் நாளில்தான் உலக நீதி முழுநீதி ஆகும்!