பாட்டும் அது பிறந்த இடமும்

இசைப் புலவர் ஒருவரை அறிமுகம் செய்வோர் பெரும்பாலும் அவர் பிறந்த ஊர், வாழ்ந்த காலம், இயற்றிய கீர்த்தனைகளின் தொகை ஆகியவற்றைக் கூறி அமைவர். தனிப்பாடல்களுக்கு இஃது ஓரளவு போதும். ஒரு கதையின் உறுப்பாக எழுந்த பாட்டுக்குப் போதாது. அங்கே பேசுபவர் யார், எவரை நோக்கி, எங்கு நின்று பேசுகிறார் என்பதை அறியாதவர் இராகத்தைக் கேட்கிறார், பாட்டைக் கேட்பதில்லை.

சீகாழி அருணாசலக் கவிராயரின் (1711–1779) இராம நாடகக் கீர்த்தனைகளுக்கு இவ்வுண்மை பொருந்தும். 'யாரோ இவர் யாரோ' என்பது மிதிலையில் சீதையை முதன்முதலாகக் கண்ட இராமன் கூற்று. இதனை உணர்ந்து கேட்பவர்க்கு அவ்வினாவில் உள்ள வியப்பு புலனாகும். ஆயினும், இடம் அறியாமையால் நேரும் இழப்பு பெரிதாவது கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தில்தான்.

நாகைக்கு அண்மையிலுள்ள நரிமணத்தில் பிறந்து, ஆனந்ததாண்டவபுரத்திலும் மாயூரத்திலும் வாழ்ந்து, 1896 இல் மறைந்தவர் பாரதியார். சேக்கிழார் திருநாளைப்போவாரைச் சில பாடல்களில் பாடி முடித்தார். அங்கே அடியாரைத் தடுத்து நிறுத்துவது அவர்தம் பிறப்பைப் பற்றிய அவரது தயக்கமே. பாரதியாரோ பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் ஒருவரைப் படைத்தார். நந்தன் அவருடைய பண்ணையாள். தில்லை செல்ல விடை கேட்டவனை அவர் வைகிறார். நாற்பது வேலி நிலத்தின் வேளாண்மையை முடித்துவிட்டுப் போகுமாறு பணிக்கிறார். உள்ளத்தின் தயக்கமாக இருந்த தடை, இங்கே நிலமும் அதிகாரமும் உடைய மனிதராக எதிரே வந்து நிற்கிறது. இம்மாற்றமே பாரதியாரின் பெருஞ்சாதனை என்பது எம் கருத்து.

இதனை உளங்கொண்டு 'வருகலாமோ' என்னும் கீர்த்தனையைக் கேட்டல் வேண்டும். கச்சேரியின் பிற்பகுதியில் அஃது உருக்கமான பக்திப் பாடலாகப் பாடப்படுகிறது. நாமும் கண் மூடிக் கேட்கிறோம். அதுவோ கோயிலுக்குள் நுழைய உரிமை மறுக்கப்பட்ட ஒருவன், தில்லையின் புறத்தே நின்று கேட்கும் வினா. பைரவிக்கு அணுக்கமான மாஞ்சி, விரைந்து பாட இடங்கொடாத இராகம். அடியெடுத்து வைப்பதும் பின்வாங்குவதுமான நந்தனின் நிலைக்கு அதனினும் பொருத்தமான இராகம் அரிது. 'வழிமறைத்திருக்குதே' என்னும் பாட்டில் திருப்புன்கூரில் பார்வையை மறைப்பது நந்தி. கதையை அறிந்தவர்க்கு, வழி மறைத்தது நந்தி மட்டுமன்று என்பது சொல்லாமலே விளங்கும்.

பாரதியாரின் நடையில் இலக்கண வழுக்கள் உண்டு. அவை காரணமாகவே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சிறப்புப் பாயிரம் தரத் தயங்கினார் என்பதையும், திண்ணையில் காத்திருந்த பாரதியார் தமக்குள் பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டு உருகிப் பின்னர் அதனை அளித்தார் என்பதையும் உ.வே. சாமிநாதையர் பதிவு செய்துள்ளார். ஏட்டில் குறையாகத் தோன்றியது இசையில் உயிராக நின்றது. நொண்டிச் சிந்தும் பேச்சு வழக்கும் நந்தனுக்கு வாய்த்த மொழி. இலக்கணம் திருத்தினால் அவன் குரல் மறைந்துவிடும்.

குறை கூறுவதாயின் முடிவைப் பற்றியே கூறல் வேண்டும். வேதியர் மனம் மாறி நந்தனின் காலில் விழுகிறார். ஆயினும் நந்தன் தீயில் மூழ்கியே தில்லையுள் புகுகிறான். 'வரலாமா' என்று கேட்டவனுக்கு 'வந்த வண்ணமே வருக' என்னும் விடை கிட்டவில்லை. மரபுக் கதையை மீறிச் செல்லப் பாரதியார் துணியவில்லை. எனினும் அவர் எழுப்பிய வினா அத்தீயில் எரியாமல் எஞ்சி நிற்கிறது. அப்பாட்டு இன்றும் நெஞ்சை அறுப்பதன் காரணம் இதுவே.

காவிரிக் கரையினின்று நெடுந்தொலைவில் வளரும் நம் பிள்ளைகள் இக்கீர்த்தனைகளை ஸ்வரம் பிழையாமல் கற்கின்றனர், மகிழ்ச்சியே. பல்லவியைத் தொடங்குமுன் நந்தன் நின்ற இடத்தையும் அவர்கட்குச் சொல்லுதல் ஆசிரியர் கடன். பாடகரும் அவையோர்க்கு அதனை ஓரிரு சொற்களில் உணர்த்தலாம். வாயிலில் நிற்பவன் யார் என்று தெரியாமல் அவன் குரலின் இனிமையை மட்டும் சுவைப்பது, அவனை மீண்டும் வெளியே நிறுத்துவதே ஆகும்.